பல்கனியில் வைத்த ஆமை

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. காய்ந்த பிஸ்கட்டை உடைத்த மாதிரி ஒரு 'டக்'. அவ்வளவுதான். சூசையின் கையில் கைப்பிடி மட்டும் நின்றது. பைப் றென்சின் மேல்வாய் கழன்று, முற்றத்துக் கல்லில் இரண்டு தரம் துள்ளி, அம்மினிஸ்திரத்தோரேயின் பளபளத்த சப்பாத்துக்குப் பக்கத்தில் போய்க் கிடந்தது.

பிறகுதான் தண்ணீர் வந்தது. பாதி திருகின வால்வு வெடித்து, முற்றம் முழுக்கச் சீறியது. சூசையின் விரல் மூட்டுகள் சுவரில் அடிபட்டு இரத்தம் ஒழுகியது. சூசை இரத்தத்தைப் பார்க்கவில்லை, ஓடிப்போய்ப் பெரிய குழாயைத் தேடிப் பூட்டினார்.

கட்டிடத்தின் சொந்தக்காரர் நாலைந்து பேர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மினிஸ்திரத்தோரே, அதாவது அந்தக் கட்டிடத்தை நிர்வகிக்கிறவர், சப்பாத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இவரா எங்கள் குழாய்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்?"

நான் வளைவு வாசலில் நின்றேன். கோட்டுப் பைக்குள் செபமாலை. அந்த நிமிடத்தில் செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. வந்த சொற்களை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள்.

சூசை என்பவர் என் கணவர். அந்தக் கட்டிடத்துக்கு ஒரு போர்த்தியேரே தேவைப்பட்டது. வாசலில் இருந்து கடிதம் வாங்கி வைத்து, படி கூட்டி, குழாய் ஒழுகினால் பூட்டிக் கொடுக்கிற ஆள். அந்த வேலையோடு வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடும் வரும். அந்த இரண்டு அறைக்காகத்தான் அன்றைக்கு அந்தப் பரீட்சை.

நாங்கள் அப்போது பலேர்மோவில், சீசா என்கிற பகுதியில், மூன்று குடும்பம் ஒரு வீட்டில் இருந்தோம். எங்கள் பங்கு, ஒரு கட்டிலும் ஒரு திரைச்சீலையும். எங்கள் மகள் ஜெசிந்தா மன்னாரில் என் தமக்கையோடு இருந்தாள். விட்டுவிட்டு வரும்போது அவளுக்கு நாலு வயது. வெளிநாட்டவரின் தாள்களைப் பார்க்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவுக்குப் போய்ப் பிள்ளையைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டால், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "வீடு எங்கே?" திரைச்சீலையைக் காட்டிப் பிள்ளையைக் கூப்பிட முடியாது.

ஆக, அன்றைக்கு முற்றத்தில் உடைந்தது ஒரு இரும்புத் துண்டு என்று நினைக்காதீர்கள்.

பெரிய கடை

அந்த றென்ச் வந்த கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. செத்த பிறகும் அதற்கு விளம்பரம் எதற்கு? எங்கள் சனம் எல்லாம் 'பெரிய கடை' என்றுதான் சொல்லும். நானும் அப்படியே சொல்கிறேன்.

நான் அங்கே விடியக் காலையில் துடைக்கப் போகிறவள். கடை திறக்க முன் நாலு மாடியும் ஒரு நிலக்கீழ் அறையும். பிறகு அங்கிருந்து ஒரு சிஞ்ஞோரா வீட்டுக்குச் சமைக்கப் போவேன்.

கடையின் எடுப்பைச் சொல்லி முடியாது. மின்தூக்கிக்குள் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் நின்று மாடியின் பெயர் சொல்லுவார். பலேர்மோவின் பெரிய மனிசிகள் ஒரு கைலேஞ்சி, அதுதான் கைக்குட்டை, வாங்க ஒரு மணித்தியாலம் நிற்பார்கள். கைலேஞ்சிக்காக இல்லை, அந்தக் கடதாசிப் பைக்காக. என் சிஞ்ஞோரா வருசக்கணக்கில் ஒரே பையை மடித்து வைத்திருந்தா. சந்தையில் கத்தரிக்காய் வாங்கினாலும் தெருமுனையில் வைத்து அந்தப் பைக்குள் மாற்றி, எதிர்வீட்டுக்காரி காண நடந்து வருவா. கத்தரிக்காய்க்கு வந்த வாழ்வு.

மேல் மாடிகள் எல்லாம் பவுசு. உண்மையான கடை நிலக்கீழ் அறையில்தான் இருந்தது. ஆயுதப் பகுதி. சுத்தியல், குறடு, அரிவாள், ஸ்பானர், பைப் றென்ச். எல்லாம் கடையின் சொந்த முத்திரை, ஒரு ஆமை. ஆமை நெடுங்காலம் சீவிக்கும், எங்கள் ஆயுதமும் அப்படி என்று அர்த்தமாம்.

அங்கே சாம்பல் கோட்டோடு நின்றவர் இஞ்ஞாத்ஸியோ. கதை குறைவு, மீசை கூட. யாராவது ஒரு ஸ்பானர் கேட்டால் அதை எடுத்து மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகுதான் கொடுப்பார். இரும்புக்கு நாடி பிடிக்கிறார் என்று நான் முதலில் சிரித்தேன்.

ஆமை உடைந்தால் என்ன செய்வது? கொண்டுபோக வேண்டியதுதான். பற்றுச்சீட்டு வேண்டாம், பெயர் வேண்டாம், எப்போது வாங்கியது என்று சொல்ல வேண்டாம். இஞ்ஞாத்ஸியோ உடைந்ததை வாங்குவார், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார், மேசை லாச்சிக்குள் போடுவார். புதிதைப் பழுப்புத் தாளில் சுற்றி நூலால் கட்டித் தருவார். "நல்ல நாள்." முடிந்தது.

துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவனுக்கும் இதே மரியாதை, வக்கீலுக்கும் இதே மரியாதை, எங்களுக்கும் இதே மரியாதை. அந்த ஊரில் எங்களிடம் எந்தத் தாளும் கேட்காத ஒரே மேசை அதுதான். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதித் தாளைக் கேட்காமல் எனக்கு 'நல்ல நாள்' சொன்ன ஒரே மனிசனும் அவர்தான். அதனாலேயே அவரைப் பிடிக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஞானஸ்நானம் எங்களுக்குத்தான்

சூசை முதல் வருசமே அங்கே ஒரு பைப் றென்ச் வாங்கினார். பாரம் என்றால் பாரம். ஒரு கையால் தூக்கினால் தோள் இறங்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து பழுப்புத் தாளைப் பிரித்தார். நான் ஆமையைக் கண்டேன்.

"என்னப்பா இது? ஆமையை வீட்டுக்குள்ளை கொண்டு வந்திருக்கிறியள்!"

"அது முத்திரை, திரேசா. உயிருள்ள ஆமையே?"

"உயிர் இருந்தாலென்ன இல்லாட்டி என்ன? வெளியிலை வையுங்கோ!"

நாங்கள் தலைமுறை தலைமுறையாக வேதக்காரர். மாதாவுக்குப் பெருநாள், அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை, எல்லாம் ஒழுங்கு. ஆனால் ஞானஸ்நானம் எடுத்தது நாங்கள்தான், எங்கள் பயங்கள் எடுக்கவில்லை. ஆமை வீடேறினால் குடும்பம் நாசம் என்று கடற்கரையில் பிறந்தவளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆகவே ஆயுதப் பெட்டி பல்கனிக்குப் போனது. கடற்காற்று, சிரொக்கோ என்கிற தெற்குக் காற்றுக் கொண்டுவரும் செம்மண், மேல்வீட்டுக்காரியின் துணிகளில் இருந்து சொட்டும் தண்ணீர், எல்லாம் அதன் தலையில். ஞாயிறு பூசை முடிந்து வந்து சூசை அதை நல்லெண்ணெய் போட்டுத் துடைப்பார். என் வாயை அடைக்க, கைப்பிடியில் ஆணியால் ஒரு சின்னச் சிலுவையும் கீறிவிட்டார். இனி ஆமை ஒன்றும் செய்யாதாம்.

நான் அப்போதும் உள்ளே விடவில்லை. மூன்று மாரி அது வெளியே கிடந்தது. ஒரு பொட்டுக் கறள் பிடிக்கவில்லை. அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

வடக்கிலிருந்து வந்த மகான்

தொண்ணூறுகளின் நடுவில் என்று வையுங்கள், கடை கைமாறியது. இத்தாலியின் வடக்கிலிருந்து ஒரு புதிய திரெத்தோரே, அதாவது மேலாளர், வந்து இறங்கினார். தலைமயிரில் தடவியிருந்த பசையில் நான் ஒரு மாடி துடைத்திருக்கலாம். பலேர்மோவில் இறங்கின நாளே மூக்கைச் சுளித்தவர், போகும்வரை அதை நேராக்கவில்லை.

முதலில் மின்தூக்கிக்காரரை வேலையிலிருந்து அனுப்பினார். பொத்தானை மனிதர்களே அமுக்குவார்களாம். பிறகு நிலக்கீழ் அறையைப் பாதியாக்கி, வாசனைத் திரவியம் விற்கிற பெட்டைகளை நிறுத்தினார். மிச்சப் பாதியில் ஒரு சுவர். சுவர் முழுக்கக் கொழுக்கி. கொழுக்கியில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஆயுதங்கள். தட்டிப் பார்க்க முடியாது, தூக்கிப் பார்க்க முடியாது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிற சுரூபம் மாதிரிப் பார்த்துக் கும்பிட்டு வாங்க வேண்டியதுதான்.

ஆமையும் போனது. பெயர் அதே பெயர், முத்திரை மட்டும் புதிது, நீல நிறத்தில் ஒரு வளைந்த கோடு. பறவையா வாழைப்பழமா என்று நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. ஆமை மந்தமாகத் தெரிகிறதாம். இவர்கள் எங்கே ஓடப்போகிறார்கள் என்றுதான் நான் யோசித்தேன். வாசலை நோக்கித்தான் ஓடினார்கள் என்று பிறகு தெரிந்தது.

பிறகு வாசலில் ஒரு பெரிய விளம்பரச் சீலை கட்டினார்கள். பழைய ஆமையைக் கொண்டுவந்தால் புதியது இலவசம். உடைந்திருக்கத் தேவையில்லை. எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. என்றைக்கும் மாற்றித் தருவோம் என்ற பழைய வாக்கு அந்த ஆமையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆமையை ஊரில் இருந்து பொறுக்கி எடுத்துவிட்டால் வாக்கும் போய்விடும். அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர்கள் கண்டுபிடித்த சூழ்ச்சி அது. ஒரு வாக்கைக் காப்பாற்றுவதைவிட அதைத் துடைத்து அழிப்பது அவர்களுக்குச் சுகமாக இருந்தது.

என் கெட்டித்தனம்

சூழ்ச்சிக்கு ஆள் வேண்டுமே. நான் போனேன்.

போர்த்தியேரே வேலைக்கான பரீட்சைக்கு மூன்று நாள் இருந்தது. என் தலைக்குள் ஒரே கணக்கு: இத்தனை வருசம் எங்களுக்கு ஏன் வீடு அமையவில்லை? பல்கனியில் ஆமை இருக்கிறதே! இப்போது கடைக்காரனே ஆமையை எடுத்துக்கொண்டு ஆமை இல்லாத றென்ச் தருகிறான். இதைவிட மாதா எப்படித்தான் பதில் சொல்லுவா?

சூசையிடம் சொல்லவில்லை. விடிய வேலைக்குப் போகும்போது துணிப்பையில் போட்டுக் கொண்டுபோனேன். வேலை முடிந்து கடை திறந்ததும் வரிசையில் முதல் ஆளாய் நின்று நீட்டினேன். பிளாஸ்டிக் கூடு ஒன்றைத் தந்தார்கள். பக்கத்தில் நின்ற இஞ்ஞாத்ஸியோ என் கையையும் பார்த்தார், பழைய றென்ச்சையும் பார்த்தார். அவருக்குக் கதைக்க உத்தரவு இல்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். நானோ, கிழவருக்கு ஆமை போகிற கவலை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சூசை கூட்டை வெட்டி எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"பாரம் காணாது, திரேசா."

"பாரம் காணாட்டி நல்லதுதானே? கை நோகாது."

"எனக்குப் பழசு போதுமாயிருந்தது. ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"கேட்டால் நீங்கள் விட்டிருப்பியளோ? பிள்ளை வரவேணுமோ, உங்கட ஆமை வேணுமோ?"

அவர் றென்ச்சை ஆயுதப் பெட்டிக்குள் போட்டு மூடினார். பிள்ளையின் பெயரைச் சொல்லி அவரை அடக்குவது எனக்குப் பழக்கமாகியிருந்தது. அதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மிச்சத்தை மேலே படித்துவிட்டீர்கள். டக்.

வேலையும் வீடும் அம்மினிஸ்திரத்தோரேயின் மருமகனுக்குப் போனது. ஏற்கனவே அவனுக்கென்று வைத்திருந்ததுதான் என்று பிறகு சனம் கதைத்தது. இருக்கலாம். ஆனால் படியில் நின்று பார்த்தவர்களுக்குச் சொல்ல அவருக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. அந்தச் சாட்டை வாங்கிக் கொடுத்தவள் நான்.

"நீ இங்கே துடைக்கிறவள்தானே?"

அடுத்த நாள் உடைந்த இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு பெரிய கடைக்குப் போனேன். கூட்டுகிற தும்புக்கட்டை இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு, முன் வாசலால்.

இஞ்ஞாத்ஸியோவின் மேசை இருந்த இடத்தில் ஒரு பெட்டை நகத்துக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தாள். பற்றுச்சீட்டு எங்கே என்றாள். மாற்றித் தந்ததற்கு ஏது பற்றுச்சீட்டு என்றேன். அப்படியென்றால் உத்தரவாதம் இல்லை என்றாள். நான் குரலை உயர்த்தினேன். திரெத்தோரே மகான் இறங்கி வந்தார்.

"பெயர் அதே பெயர்தானே? உடைந்தால் மாற்றித் தருவீர்கள்தானே?" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் கேட்டேன்.

அவர் றென்ச்சைப் பார்க்கவில்லை. என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ இங்கே துடைக்கிறவள்தானே?" என்றார்.

ஓம். நான் துடைக்கிறவள்தான். அவர் சப்பாத்துக் கறையையும் துடைக்கிறவள். ஆனால் அந்தக் கேள்வியோடு என் றென்ச்சின் கதை முடிந்துவிட்டது என்று அவர் முடிவெடுத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பழைய மேசையில் ஒருபோதும் யாரும் என்னை யார் என்று கேட்டதில்லை. அடுத்த நாள் விடிய நிலக்கீழ் அறையைத் துடைக்காமல் விட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகும் துடைக்கவில்லை.

வுச்சீரியா

இஞ்ஞாத்ஸியோவையும் அனுப்பிவிட்டார்கள் என்று கூடத் துடைக்கிறவர்கள் சொன்னார்கள். அவரை வுச்சீரியாச் சந்தையில் கண்டதாகவும் சொன்னார்கள்.

ஒரு சனிக்கிழமை நானும் சூசையும் போனோம். சூரைமீன் வெட்டுகிற இடத்தைத் தாண்டி, கல் எப்போதும் ஈரமாய் இருக்கிற அந்த இறக்கத்தில், கவிழ்த்த மீன் பெட்டியில் அவர் இருந்தார். அதே சாம்பல் கோட்டு. முன்னால் விரித்த சாக்கில் ஆமைகள். சுத்தியல் ஆமை, குறட்டு ஆமை, ஸ்பானர் ஆமை. ஊரில் பொறுக்கின அத்தனையையும் பழைய இரும்புக்கு எறியச் சொல்லி அவர் கையில்தான் மகான் கொடுத்தாராம். அவர் எறியவில்லை. பலேர்மோவின் மேஸ்திரிமார் மண்டியிட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் உடைந்த துண்டு இரண்டையும் நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று தெரியாது. கோபத்தில்தான், காட்டி அழத்தான்.

அவர் வாங்கினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். தனக்குப் பின்னால் இருந்த பெட்டிக்குள் போட்டார். பிறகு குனிந்து, சாக்கில் இல்லை, தான் இருந்த பெட்டிக்குக் கீழே கையை விட்டு ஒன்றை எடுத்தார். கல்லில் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். பழுப்புத் தாளில் சுற்றி நூலால் கட்டினார்.

"நல்ல நாள், சிஞ்ஞோரா."

சூசை பணப்பையை எடுத்தார். இஞ்ஞாத்ஸியோ அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். தெருமுனையில் தாளைக் கிழித்துப் பார்த்தோம். கைப்பிடியில் ஆணியால் கீறின சிலுவை இருந்தது. நாலு மாடிக் கடை கொடுத்த வாக்கை ஒரு மீன் பெட்டி காப்பாற்றியது. அந்த மாடிகள் அதற்குப் பிறகு கனகாலம் நிற்கவில்லை. கதவில் பலகை அடித்தார்கள்.

அன்றைக்கு வீட்டு வாசலில் சூசை வழக்கம்போலப் பல்கனிப் பக்கம் திரும்பினார்.

"எங்கை கொண்டு போறியள்? உள்ளை வையுங்கோ," என்றேன்.

இத்தாலி அம்மா

ஜெசிந்தா வர இன்னும் ஒன்றரை வருசத்துக்கு மேல் எடுத்தது. சூசை அந்த ஆமையோடு ஊரெல்லாம் ஏறி இறங்கிக் குழாய் பூட்டி, சீசாவிலேயே எங்களுக்கென்று ஒரு வீடு வாடகைக்கு எடுத்த பிறகுதான் குவெஸ்தூரா கண்ணாடிக்காரர் தலையாட்டினார்.

விமான நிலையத்தில் அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, மூட்டைக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு 'அம்மா' என்றால் என் தமக்கை. என்னை 'இத்தாலி அம்மா' என்றாள். ஒன்றரை வருசம் முந்தி வந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள் என்று நானே என்னைத் தின்றுகொண்டிருந்தேன்.

முதல் கிழமையே மாதா படத்துக்குக் கீழே இருந்ததைக் கண்டுவிட்டாள்.

"இத்தாலி அம்மா, ஏன் ஆமையை வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறியள்? அம்மா கூடாதெண்டு சொன்னவா."

"வெளியிலை வைச்சுத்தான் பாத்தனாங்கள், பிள்ளை," என்றேன். "அதாலைதான் உம்மைக் கூப்பிடப் பிந்தினது."

அவள் குனிந்து ஆமையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கி, மூச்சு வாங்க இழுத்துக்கொண்டுபோய்த் தன் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு சூசை வேலைக்குப் போவதென்றால் அவளிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வந்ததும் எண்ணி வாங்குவது போல வாங்கி உள்ளே வைப்பாள்.

அடுத்த மாரியில் ஒரு நாள் கதவு தட்டுப்பட்டது. ஜெசிந்தாதான் திறந்தாள். வாசலில் அந்த மருமகன், போர்த்தியேரே ஐயா, முழங்கால்வரை நனைந்து நின்றான். முற்றத்தில் குழாய் வெடித்துவிட்டதாம். சூசை வேலைக்குப் போயிருந்தார், அன்றைக்கு அந்த றென்ச் தேவைப்படவில்லை. ஆள் இல்லாவிட்டால் பரவாயில்லை, அந்த ஆமைச் சாவியையாவது இரவல் தாருங்கள் என்றான். எங்களுக்கு வந்திருக்க வேண்டிய இரண்டு அறைக்குள் தண்ணீர் ஏறுகிறதாம்.

நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் இருந்து அவள் கத்தினாள்.

"அம்மா! இவருக்கு ஆமையைக் குடுக்கிறதோ?"

கத்தி கையில் அப்படியே நின்றது. அவள் இன்னொருதரம் கூப்பிட்டாள். அதே சொல்தான், முன்னால் இத்தாலி இல்லை.

"குடுக்கிறேல்லை எண்டு சொல்லும், மகள்," என்றேன்.

பலேர்மோத் தெருப் பிள்ளைகளிடம் பழகின இத்தாலியனில் அவளே சொன்னாள், அவளே கதவையும் சாத்தினாள்.